யாரும் வாங்க வராத கேக்

"இதோட அஞ்சு கேக்! ஆர்டர் போட்டவங்கள்ல ஒருத்தர்கூட வாங்க வரல. நாளைக்கே கடையை இழுத்து மூடறேன்!" மனைவி பெட்டியை மேசைமேல் டொம்மென்று வைத்தாள்.

"இந்தக் காலத்துல யாருக்கும்மா பொறுப்பு இருக்கு?" என்றான், அவள் கடைக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்த கணவன்.

"மேலே எழுதச் சொன்னதைப் பாருங்க, கொழுப்பு!"

கேக்கின்மேல் கிரீமால் முத்துமுத்தாக எழுதியிருந்தாள்: 'சும்மா போட்டுப் பார்க்கிறேன்.'

கணவனின் முகம் வெளிறியது. "அது... அஞ்சுமே நான் போட்டது. அசல் தளத்தைத் தொடவே இல்லம்மா. அதே மாதிரி தனியா வச்சிருக்கிற சோதனைத் தளத்துலதான் ஆர்டர் போட்டுப் பார்த்தேன்."

"அப்போ என் போனுக்கு ஆர்டர் எப்படி வந்துச்சு?"

"ரெண்டுலயும் உன் நம்பரையே கொடுத்துட்டேன் போல."

அவள் பல்லைக் கடித்தாள். "வேற என்ன சோதிச்சீங்க?"

"காலையில... மூணு அடுக்கு, அவசரம்னு ஒண்ணு."

சமையலறையில் ஓவன் மணியடித்தது.