கிலோக்கல்லுக்கு வந்த வேலை

நாட்டில் பணத்தின் மதிப்பு சரிந்த மாதத்திலிருந்து மளிகைக் கடையின் ஒரு கிலோ எடைக்கல்லை யாரும் தூக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் பருப்பையும் சர்க்கரையையும் நூறு நூறு கிராமாகவே வாங்கினார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்களோ என்று அது அலமாரியில் கிடந்து பயந்தது.

ஒரு நாள் காலை கடையில் கூட்டம் நெரிந்தது.

"நல்ல காலம் திரும்பிடுச்சாம், அண்ணே. இன்னிக்குப் பேப்பர்ல போட்டிருக்கு" என்றது தராசுத் தட்டிலிருந்த நூறு கிராம் கல்.

"அப்புறம் ஏன்டா உன்னையே தூக்குறாங்க?"

"அதுதான் எனக்கும் புரியல. பை நிறையக் காசு வச்சிருக்கிற அம்மாகூட நூறு கிராம்தான் கேக்குது. எனக்கு இடுப்பு ஒடியுது."

கிலோக்கல்லுக்குக் குழப்பமாக இருந்தது. திரும்பிவிட்ட காலம் வழியில் எங்கே நின்றுவிட்டது?

அப்போது கடைக்காரர் கை நீட்டி அதைத் தூக்கினார். கல்லுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அந்தக் கை தராசைத் தாண்டிப் போய், மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்த அன்றைய பேப்பரின் மேல் அதை வைத்தது.

"என்னண்ணே, வேலை கிடைச்சிடுச்சா?"

"தெரியலடா" என்றது கிலோக்கல். "கீழே அந்த நல்ல காலச் சேதி துடிச்சுக்கிட்டே இருக்கு. நான் கொஞ்சம் நகர்ந்தாலும் பறந்துடும் போல."