ஒன்பதாம் நம்பர் பாட்டில்

"பன்னெண்டு நாயையும் சுட்டுத் தள்ளறதுக்கு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமுங்க டாக்டரம்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

எஸ்டேட் மேனேஜர் மரியஜோசப் பன்னிரண்டு பென்சிலின் பாட்டில்களை கால்நடை ஆஸ்பத்திரி மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நாயின் வயிற்றிலிருந்து வெளியே வந்த நாடாப்புழுத் துண்டுகள். மேலே நம்பர் மட்டும் ஒட்டியிருந்தது.

லூர்துசெல்வி ஏற்காட்டுக்கு மாட்டு டாக்டராக வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நாகலூர்ப் பக்கம் காபி பறித்தவர்களின் மகள். இந்த எஸ்டேட்டில் ஆறு ஆடுகள் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழுந்து செத்தபோது, தலையைப் பிளந்து மூளையில் நீர்க்குமிழியைக் கண்டுபிடித்தது அவள்தான். நாய் வயிற்றுப் புழுவின் முட்டை புல்லோடு உள்ளே போய்ச் செய்கிற வேலை இது என்று சொன்னதும் அவள்தான். சும்மா இருந்திருக்கக் கூடாதா இந்த வாய் என்று இப்போது தன்னையே நொந்துகொண்டாள்.

காரணம், வாசலில் குப்பாயி நின்றிருந்தாள். எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் ஒண்டியாக இருப்பவள். காட்டெருமை நடமாடும் தடத்தில் வேலைக்குப் போய்வர அவளுக்குக் கறுப்பன் என்கிற நாய் ஒன்றுதான் துணை.

லூர்துசெல்வி ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். "பேரு எங்கீங்க சார்? வெறும் நம்பரா இருக்குது."

"பேரு போட்டா லைன்காரங்களுக்குப் பரிஞ்சுக்கிட்டு எழுதிருவீங்க. எஸ்டேட்ல ஒரு நாய் விடாம புழு எடுக்கச் சொல்லி கணக்கெழுதற ரைட்டருக்கு ஆர்டர் போட்டேன். லிஸ்ட் இந்தக் கவர்ல இருக்குது. நானே இன்னும் பிரிக்கல." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். ஆள் கெட்டிக்காரர்தான், சும்மா சொல்லக்கூடாது.

"எல்லா நாடாப்புழுவும் ஒண்ணில்லீங்க சார். அப்படியே கெட்ட புழுவா இருந்தாலும் நாயைச் சுட வேண்டியதில்ல. மாத்திரை குடுத்தாப் போயிரும்."

"மாத்திரையாவது மண்ணாங்கட்டியாவது. துப்பாக்கி போதும்."

லூர்துசெல்வி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டில்கள் இடம் மாறின. ஒன்பதாவதில் நெடுநேரம் குனிந்தே இருந்தாள். குப்பாயி வாசல்படியைத் தாண்டி ஓரடி உள்ளே வந்தாள்.

பன்னிரண்டையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "பதினோரு பாட்டில்ல இருக்கறது டிப்பிலிடியமுங்க. வெள்ளரி விதை மாதிரி இருக்கும், துண்டுக்கு ரெண்டு ஓரத்துலயும் துவாரம் இருக்கும். தெள்ளுப்பூச்சியால வர்றது. ஆட்டை ஒண்ணும் பண்ணாது."

"மிச்சம் ஒண்ணு?"

"ஒன்பதாம் நம்பருங்க. அது டீனியா. ஒரு ஓரத்துல மட்டும்தான் துவாரம். உங்க ஆட்டுக்கு எமன் இந்த ஜாதிதான்."

"பாத்தீங்களா! இது எப்படிங்க நாய்க்கு வருது?"

"குமிழி இருக்கற ஆட்டுத் தலைய நாய் பச்சையாத் தின்னா வருமுங்க."

"அதானே. லைன்ல எவனோ செத்த ஆட்டுத் தலைய நாய்க்குப் போட்டிருக்கான்."

குப்பாயிக்குப் பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆட்டுத் தலைய நாய்க்குப் போடறதாங்க? நல்லாக் கேட்டீங்க போங்க. கொழம்பு வெச்சு, எலும்ப நாங்களே கடிச்சுத் துப்பினாத்தானுங்க நாய்க்கு. அதுவும் நொம்ப நாளைக்கு ஒருக்கா."

"நீ வாய மூடு. ஒன்பது உன் கறுப்பனாத்தான் இருக்கும்." மேனேஜர் லூர்துசெல்வி பக்கம் திரும்பினார். "சரி, பதினோரு நாயை விட்டுடறேன். ஒன்பதை இன்னைக்கே சுடணும். எவனோட நாயா இருந்தாலும் சரி."

"அத அப்படியே எழுதிக் குடுத்துருங்க சார்."

அவர் எழுதினார். 'யாருடைய நாயாக இருந்தாலும்' என்பதற்குக் கீழே அழுத்திக் கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டார். குப்பாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கறுப்பன் பெயர் மட்டும் வந்துவிடக் கூடாதே என்று லூர்துசெல்வியின் மனசும் அடித்துக்கொண்டது.

மேனேஜர் கவரைக் கிழித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலை வரிவரியாக இறக்கினார். ஒன்பதில் விரல் நின்றுவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிப் பார்த்தார். அப்போதும் அங்கேயேதான் வந்து நின்றது.

லூர்துசெல்வி எட்டிப் பார்த்தாள். பிறகு நிதானமாகப் போய் மருந்து அலமாரியைத் திறந்தாள். மூன்று மாதத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக அதைத் திறந்ததில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா," மேனேஜரின் குரல் குழைந்தது. எழுதிக் கொடுத்த தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்த மாத்திரைய, எங்க பங்களா டைகருக்கு எத்தன குடுக்கணுமுங்க?"