சிவப்பு வட்டம்

"தாத்தா, ஒரு வரியைத் திருடுனா ஜெயில்ல போடுவாவளா?"

ஹாஸ்டல் கேட்டில் இருந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள் சுகப்பிரியா. மத்தியான ஷிப்ட் பஸ் வரும் நேரம். வாட்ச்மேன் கன்னியப்பன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"இன்னா வரி? எவன் திருடினான்?"

"எவனுமில்ல, நம்ம வேல்விழிதான். வாட்ஸப்ல ‘ஷிப்ட் கவிதைகள்’னு ஒரு குரூப்பு இருக்கு. கம்பெனிக்குப் போற பிள்ளையெல்லாம் எழுதுறது. அதுல ஒரு கிழம் இவளைத் திருடின்னு சொல்லிட்டுது. ரெண்டு நாளா சோறு எறங்கல அவளுக்கு. அந்தக் கிழம் மட்டும் என் கையில கிடைக்கட்டும், பல்லை எண்ணிருவேன்."

கன்னியப்பன் வாயை மூடிக்கொண்டார். அந்தக் கிழம் அவர்தான்.

குரூப்பில் அவர் பெயர் மண்ணூரார். முகத்துக்குப் பதிலாக வல்லக்கோட்டைக் கோயில் மயில் படம். படித்தது அஞ்சாங்கிளாஸ். எழுத்தைத் தேடித்தேடிக் குத்த அவருக்குப் பொறுமை கிடையாது. வாட்ச்மேன் கூண்டுக்குள் உட்கார்ந்து போனை வாயோரம் வைத்துக்கொண்டு சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும். ஒருநாள் யாரோ, "ஐயா, நீங்க ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒரகடம் முதல் சுங்குவார்சத்திரம் வரை அத்தனை பிள்ளைகளுக்கும் அவர் வாத்தியாரய்யா. ஹாஸ்டலில் இது ஒருத்திக்கும் தெரியாது என்பது அவர் கணக்கு.

அந்தக் குரூப்பில் ஒரு வழக்கம். கம்பெனியில் சாமானைச் சோதிப்பதுபோலவே கவிதையையும் சோதிப்பார்கள். நன்றாக இருந்தால் பச்சை வட்டம். திருத்தணும் என்றால் மஞ்சள், கூடவே பக்குவமாக ஒரு வார்த்தை. ஆகவே ஆகாது என்றால் சிவப்பு. சிவப்பை யாரும் யாருக்கும் போட்டதே இல்லை. மனசு நோகுமே.

ஞாயிற்றுக்கிழமை ‘தாமிரா’ என்ற பெயரில் ஒரு கவிதை வந்தது.

போகையில் நாற்பது பேர்.
வருகையில்
நாற்பது ஜோடிச் செருப்பு.

பச்சை வட்டமாகக் கொட்டியது. குரூப்பு போடப்போகிற புத்தகத்தில் இதுதான் முதல் பக்கம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்கள். கன்னியப்பனுக்கு மட்டும் உறுத்தியது. இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே! ரேடியோவிலா, ஏதாவது மேடையிலா?

தரகன் நீட்டிய தாளை நம்பிக் கையெழுத்துப் போட்டு முக்கால் ஏக்கரைக் கோட்டைவிட்டவர் அவர். அதன் பிறகு எவர் எழுதியதையும் நம்புவதில்லை.

"இது திருட்டுச் சரக்கு. எங்க எடுத்தேன்னு சொல்லு" என்று போனுக்குள் கத்தினார். சிவப்பு வட்டத்தையும் வைத்தார்.

வாத்தியாரய்யா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, போட்ட பச்சையை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். ‘சொந்த வரி இல்லை, மன்னிச்சிருங்க’ என்று எழுதிவிட்டுத் தாமிரா வெளியேறினாள். நம்ம மூக்கு தப்பாது என்று அன்றைக்கு அவர் இரண்டு டீ குடித்தார்.

அந்தத் தாமிரா, தினமும் கேட்டைத் தாண்டும்போது "சாப்பிட்டியளா தாத்தா" என்று கேட்கும் வேல்விழிதான் என்று அவர் கண்டாரா?

வேல்விழி வந்தாள். கம்பெனிச் சட்டை, வீங்கிய கண்கள். நோட்டை நகர்த்திக் கொடுத்தவருக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. நான்தான் என்று சொல்லிவிட நினைத்தார். கேட்டதோ வேறு.

"இன்னா பொண்ணு... அந்த வரி மெய்யாவே உன்னுது இல்லியா?"

"இல்ல தாத்தா. ஒருத்தர் பேசையில காதுல விழுந்துது. வீணாப் போவுதேன்னு எழுதி வச்சேன்."

கன்னியப்பனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்படியானால் நாம் சொன்னதில் தப்பில்லையே.

"அப்போ அந்தாளு பேர அங்கியே சொல்லிட வேண்டிதானே? இன்னாத்துக்குத் திருட்டுப் பட்டம் வாங்கிகினு வந்து கீறே?"

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. சுகப்பிரியா ஓடினாள். வேல்விழி போகவில்லை.

"போன மாசம் பஸ்ஸை விட்டு எறங்கி, பேச்சுமூச்சு இல்லாம உள்ள வாரோம். டீ கொண்டாந்த ஆளுகிட்ட சொன்னியல்லா தாத்தா? ‘போறப்போ நாப்பது பேரு போவுது, வர்றப்போ நாப்பது ஜோடி செருப்புதாம்பா வருது’ன்னு. அதுதான்."

கன்னியப்பனுக்கு நம்ப முடியவில்லை. அவர் வாயிலிருந்து வந்ததா? அதையா ரேடியோவில் தேடினார்?

"நாஞ் சொன்னதா... அப்போ அத அங்க சொல்லலாமே, பொண்ணு! யாரு இன்னா சொல்லப் போறாங்க?"

வேல்விழி கூண்டுக்குப் பின்னால் கட்டியிருந்த துணிக்கொடியைப் பார்த்தாள். ஜன்னலிலிருந்து நாலடி தூரம் இருக்காது.

"நாங்க துணி காயப்போடுறது அங்கதான தாத்தா. நீங்க போனுக்குச் சொல்லச் சொல்ல, என் போன்ல வந்து விழும்" என்றாள் மெதுவாக. "எங்க எடுத்தேன்னு கேட்டிய. உங்ககிட்டதான்னு சொன்னா, நீங்க யாருன்னும் சொல்லணுமே, வாத்தியாரய்யா."