சிவப்புக் கோட்டுக்குள் ஒரு மாடி வீடு

"எம் வீட்டையும் சிவப்புக்குள்ள போட்டுருங்க சார்."

இனிகோ தன் வீட்டுக் கூடத்தில் வைத்து இப்படிக் கேட்டதும், பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பருவநிலை மாற்றம் பற்றிய கூட்டு ஆய்வு அது. பொருளாதாரத்துக்கு நேசக்குமார், சிவில் பொறியியலுக்குத் தனராஜ், சமூகவியலுக்கு ஜெயஷீலா. கடல் ஏறி வருவதால் கெபித் தெருவில் எந்தெந்த வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு அரசுக்குக் கொடுப்பது இவர்கள் வேலை. கோட்டுக்குள் வருகிறவர்களுக்கு முத்தையாபுரம் பக்கம் மேட்டில் புது வீடு கிடைக்கும்.

கூட்டு ஆய்வு என்றுதான் பெயர். டீ குடிக்க வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில்கூட மூன்று துறைக்கும் மூன்று கருத்து.

தெருக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஓட்டு வீடும் தகர ஷெட்டுமாக அத்தனையும் சிவப்புக்குள் இருந்தும் ஒருவர்கூடக் கிளம்பத் தயாராக இல்லை. எப்போது கேட்டாலும் "பொறவு பாப்போம்" என்பார்கள். அடுத்த புயலை நினைத்தால் ஜெயஷீலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில், தெருவிலேயே உறுதியான ஒரே மாடி வீட்டுக்காரர், எனக்கும் புது வீடு கொடு என்கிறார்.

"உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. நான் கியாரண்டி" என்றார் தனராஜ்.

"தெரியும் சார். கம்பி கட்டும்போது கூடவே நின்னவன் நான்."

"அப்புறம் எதுக்குச் சிவப்பு?"

"போட்டுருங்க சார்."

அவர் மனைவி பிலோமி டீத் தட்டை நங்கென்று வைத்தாள்.

"நல்லாக் கேளுங்க சார். வயசெல்லாம் கப்பல்ல கெடந்து சம்பாதிச்சுக் கட்டுன வீடு. இத விட்டுட்டுத் தீப்பெட்டி மாதிரி வீட்டுக்குப் போவணுமாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூவரும் வாசலுக்கு வந்து தணிந்த குரலில் பேசினார்கள்.

"இனாம்னா யாருக்குத்தான் கசக்கும்?" என்றார் நேசக்குமார்.

"இங்க இருந்துக்கிட்டே அதை வாடகைக்கு விடுவார், பாருங்க" என்றார் தனராஜ்.

"ஊர்ப் பெரிய மனுஷன். அடுத்தவனுக்குக் கிடைச்சா தனக்கும் வேணும்" என்றாள் ஜெயஷீலா.

ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து முதன்முறையாக மூன்று துறையும் ஒரே முடிவுக்கு வந்திருந்தன. இனிகோ பேராசைக்காரர்.

அந்தத் தெம்பில் நேசக்குமார் உள்ளே போய்க் கறாராகச் சொன்னார். "அண்ணாச்சி, ரெண்டையும் வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. சிவப்புக்குள்ள வந்தா இந்த வீட்டை இடிச்சுத் தரைமட்டமாக்கிருவாங்க."

"அதத்தான் சார் நானும் கேக்கேன். மொத வீடா எம் வீட்ட இடிக்கச் சொல்லுங்க."

நேசக்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே வந்த மற்ற இருவருக்கும் புரியவில்லை. அதிலும் மூன்று துறைக்கும் ஒற்றுமைதான்.

"இடிக்கவா? ஏன்?"

இனிகோ மாடிப்படியின் கைப்பிடியைத் தோளிலிருந்த துண்டால் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"புயல்னா தெருவே இந்தப் படியிலதான் சார் ஏறும். போன தடவ எல்லாரும் வந்து சேருததுக்குள்ள தண்ணி இடுப்புக்கு வந்துட்டு. காலு முடியாத ஆன்றோவத் தோள்ல தூக்கித்தான் கொண்டாந்தோம். அடுத்த தடவ ஆரு பிந்துவாவளோ, தெரியல."

"அதுக்குத்தானே அவங்களைப் போகச் சொல்றோம்?" என்றாள் ஜெயஷீலா.

"நானும் வீடு வீடாப் போயிச் சொல்லிட்டேன். 'அதான் ஒம் மாடி இருக்குல்லா'ங்காவ. இது நிக்குத வரைக்கும் ஒருத்தரும் கெளம்ப மாட்டாவ சார்."