பல்டி தங்கையாவின் வண்டு

அவள் சுவரைப் பார்க்காமல் உட்கார முயன்றாள். முடியவில்லை.

சுவரில் வண்டு இருந்தது. இரண்டடி உயரப் படம், கண்ணாடிச் சட்டத்துக்குள். உண்மையில் அது ஒரு புளியங்கொட்டை நீளம்கூட இருக்காது.

படத்துக்குக் கீழே வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் அதன் அறிவியல் பெயர். அதில் பாதி லத்தீன். மீதிப் பாதி, எதிரே இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தவருடையது.

பல்டி தங்கையா. எழுபத்திரண்டு வயது. யார் அறைந்தாலும் அந்தரத்தில் ஒரு சுற்று சுற்றித்தான் கீழே விழுவார். அதற்காகவே படங்களில் கூப்பிட்டார்கள்.

வண்டும் அதையேதான் செய்யும். மல்லாக்கப் போட்டால் டிக்கென்று எகிறி, காற்றில் குட்டிக்கரணம் போட்டு நேராக நிற்கும். பூச்சி ஆராய்ச்சிக்குப் போன பொதிகை மலை முகாமில், சாப்பாட்டு மேஜை மேல் அது முதல்முறை எகிறியபோது அவளுடைய மாணவர்கள் ஐந்து பேரும் ஒரே குரலில் இவர் பெயரைச் சொன்னார்கள்.

வெளிநாட்டில் பாடகி பெயரில் ஈ பறக்கிறது. சினிமா வில்லன் பெயரில் குளவி இருக்கிறது. நம் ஆளுக்கு ஒரு வண்டு ஆகாதா என்று இவர் பெயரையே வைத்துவிட்டாள். துறைத்தலைவர் முகத்தைச் சுளித்தார். பத்திரிகைகள் கொண்டாடின.

அது போன வருடம்.

போன மாதம் கொல்கத்தாவில், ஒரு பழைய சேகரிப்புப் பெட்டியில், தப்பான அட்டையின் கீழ் அதே வண்டைப் பார்த்தாள். குத்தியிருந்த ஊசி துருப்பிடித்திருந்தது. 1909 என்று போட்டிருந்தது. ஹார்ட்லி என்ற வனத்துறை வெள்ளைக்காரர் பிடித்து, பெயர் வைத்து, எழுதியும் வெளியிட்டிருந்தார். வேறு வகையில் சேர்த்து எழுதியிருந்ததால் அவள் கண்ணில் படாமல் போயிருக்கிறது.

ஒரு பூச்சிக்கு முதலில் வைத்த பெயர்தான் செல்லும்.

ஹார்ட்லி வைத்த பெயருக்குக் கறுப்பு என்று அர்த்தம். அந்த வண்டைப் பார்த்து மனிதருக்கு அவ்வளவுதான் தோன்றியிருக்கிறது.

அந்தப் பெட்டியை யாரும் திறந்து அறுபது வருடமாவது ஆகியிருக்கும். மூடி வைத்துவிட்டு வந்திருக்கலாம். இரண்டு நாள் அதைத்தான் யோசித்தாள். மூன்றாம் நாள் தன் தவறைத் தானே எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த மாதம் அச்சாகும்.

அதற்குள் இவரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் சாலிகிராமத்துக்கு வந்திருந்தாள்.

அவருடைய மனைவி ஜெபமணி டீ கொண்டுவந்தார். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு இவரைக் கூப்பிட்டார்களாம். பொன்னாடை போட்டார்களாம். பதினாறு வருடமாகப் படம் இல்லாத மனிதர் இப்போது தினமும் சவரம் செய்கிறாராம்.

அவள் டீயைத் தொடவில்லை.

பாதியில் நிறுத்தினால் மறுபடி வராது என்று ஒரே மூச்சில் சொன்னாள். பெட்டி, ஊசி, ஹார்ட்லி, எல்லாவற்றையும்.

ஜெபமணி தட்டோடு அப்படியே நின்றார்.

தங்கையா தரையைப் பார்த்தார். முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"அப்ப எம்பேர அழிச்சிருவாங்க."

அழிக்க மாட்டார்கள் என்றாள் அவள். செல்லாத பெயரையும் தூக்கிப் போடும் வழக்கம் இல்லை. இனி யார் இந்த வண்டின் பெயர்களைப் பட்டியல் போட்டாலும், செல்லும் பெயரை முதலில் போட்டு, அதற்குக் கீழே இவருடையதையும் வருடத்தோடு போட வேண்டும். எத்தனை காலம் ஆனாலும் அப்படித்தான். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, வேண்டுமானால் புத்தகத்தையே கொண்டுவந்து காட்டுகிறேன் என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"கீழன்னா, எத்தனாவது?"

"ரெண்டாவது சார்."

"மூணாவது யாரு?"

"யாரும் இல்ல."

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு படம். பெயர் போடும்போது இவர் பெயர் வந்தால் இருபது பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஜெபமணி எழுத்துக்கூட்டிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த அட்டை வந்துவிடும். பாதிப் படங்களில் அதுவும் கிடையாது, 'மற்றும் பலர்'தான்.

"கேட்டியா ஜெபா" என்றார். "ரெண்டாவது."

அவள் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். இனி அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

தங்கையா எழுந்து சட்டத்தைக் கழற்றினார். ஜெபமணி கத்தி கொண்டுவந்து கொடுத்தார். பின்பக்க அட்டையை நெம்பி, பெயர் எழுதிய தாளை உருவி, டீப்பாயில் அவள் முன்னால் வைத்தார். தப்பான சங்கதியைச் சுவரில் மாட்டி வைத்திருக்கக் கூடாது, அந்த ஹார்ட்லி வைத்த பெயரை மேலே எழுதுங்கள் என்றார். பேனாவையும் அவரே திறந்து கொடுத்தார்.

"பெருசா எழுதுங்க மேடம். மொதப் பேரு பெருசாத்தான் வரணும். எங்க லைன்ல அப்பிடித்தான்."

அவள் எழுதினாள். அவருடைய பெயர் எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் எழுதினாள்.

"பெருசா எழுத எடம் பத்தல சார்" என்றாள்.

தாளில் மேலே ஒரு சாண் இடம் சும்மா கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.