பகல் கொசு

கொசு மஞ்சரியின் இடது பாதத்தில் உட்கார்ந்தது.

மஞ்சரிக்குத் தெரியவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஏழு மாத வயிறு பாதத்தை மறைத்திருந்தது.

தரையில் குந்தியிருந்தவளுக்குத் தெரிந்தது. மாநகராட்சியில் கொசு ஒழிப்பு வேலை அவளுக்கு. பிரிட்ஜுக்குப் பின்னால் தட்டில் தேங்கிய தண்ணீரை, நெளியும் புழுக்களோடு, அப்போதுதான் வாளியில் கொட்டியிருந்தாள்.

கொசுவின் காலில் வெள்ளை வரி. டெங்குக் கொசு.

இது பகலில் கடிக்கிற ரகம். ராத்திரி வலை கட்டிப் புண்ணியமில்லை. பகலெல்லாம் வீட்டோடு கிடப்பவர்தான் அகப்படுவார். மஞ்சரியின் கணவன் இருட்டிய பிறகுதான் வருவான்.

இதிலும் தப்பித்துக்கொள்வான்.

சுவரில் கல்யாணப் போட்டோ. உள்ளே நுழைந்ததுமே கண்ணில் பட்டுவிட்டது. மஞ்சரிக்குப் பக்கத்தில் அவன். தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று இவளை நாலு வருடம் காத்திருக்க வைத்த அதே முகம்.

தங்கச்சி கல்யாணம் முடிந்தது. அதே கையோடு அவனுடையதும், மஞ்சரியோடு.

கொசு குடித்துக்கொண்டிருந்தது.

ஒரு தட்டு தட்டினால் போதும். சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் என்னவெல்லாம் ஆகும் என்று வீடு வீடாகச் சொல்கிறவளும் இவள்தான்.

கை எழவில்லை.

பொறாமைதான். வேறு பெயர் தேடவில்லை அவள். இரண்டு கையிலும் நிறைந்து கிடந்த வளைகாப்பு வளையல்கள்மேல் பொறாமை. வீங்கிப்போன அந்தப் பாதத்தின்மேல்கூட.

கொசு எழுந்தது. ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள். "வளைகாப்பு முடிஞ்சும் அம்மா வீட்டுக்குப் போகலையாம்மா?"

மஞ்சரி வெட்கத்தோடு சிரித்தாள்.

"அவரு விட்டாத்தானேக்கா. நான் இல்லாம ஒருநாள்கூட இருக்க முடியாதாம்."

பளாரென்று பாதத்தில் அடி விழுந்தது.

வளையல்கள் குலுங்கின. மஞ்சரி காலை இழுத்துக்கொண்டாள். நான்கு விரலும் பதிந்து சிவந்திருந்தது.

"கொசுவாக்கா?"

"ஆமாம்மா."

"செத்துருச்சா?"

உள்ளங்கையைப் பார்க்காமலே மூடிக்கொண்டாள்.

"செத்துருச்சு."