இல்லாத மெனு

வாருங்கள். இந்தக் கையைப் பாருங்கள்.

ஒரு புத்தகத்தை நீட்டுகிறது. கொடுப்பதுபோல் நீட்டிக் கெடுக்கும் கை அது. சாட்சியாக நில்லுங்கள்.

பனியன் கம்பெனி அலுவலகத்தில் எக்செல் மேக்ரோ எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவனே. அந்தக் கட்டளைத் தொகுப்பின் பொத்தானை அவன் அழுத்தினால் ஆர்டர் விவரமெல்லாம் தாமே அணிவகுத்து நிற்கும். மேலாளர் வந்து தோளில் தட்டுவார்.

எதிர்மேசைத் தமயந்தி கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, மேக்ரோ படிக்க எது நல்லதுங்?"

திங்கட்கிழமை அவளுக்குச் சோதனை. தேறினால் அவளுக்கு இதே நாற்காலி நிலைக்கும். தவறினால் கீழ்த்தளத்தில் பேக்கிங் வேலை.

அவன் நாற்காலிக்கு ஆபத்தில்லை. 'அவன் ஒருவனே' என்ற பெயருக்குத்தான் ஆபத்து.

அவன் கற்றது யூடியூபில். முகம் காட்டாத ஓர் ஆசிரியை எக்செல்லையும் அக்சஸையும் தமிழில் பிட்டுப்பிட்டு வைப்பார். கட்டணம் கிடையாது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு வாக்கியம் சொல்வார். அதற்கு முன்பே அவன் நிறுத்திவிடுவான்.

அந்தப் பாடங்களை அவளிடம் சொல்லவில்லை.

அலமாரியிலிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தான். எப்போதோ வழக்கொழிந்த எக்செல் பதிப்புக்கு எழுதியது. தெரிந்தேதான் கொடுத்தான்.

மறுநாளே அவள் வந்தாள்.

"இதுல சொல்ற டூல்ஸ் மெனு எம்பட கம்ப்யூட்டர்ல இல்லீங்களேண்ணா. எங்கண்ணுதான் அவிஞ்சு போச்சுங்களா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"நல்லாத் தேடு அம்மிணி. அங்கதான் இருக்கும்."

தேடினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடியே தேடினாள். சோறு காய்ந்தது.

சிலர் காதில் பாடம் விழுந்தாலே குற்றம் என்று கல்வியை ஒளித்துவைத்த காலமொன்று இருந்தது. அந்தக் கயமையைக் கிழித்துப் பேசிய மேடைகளின் முன்னால் அமர்ந்து, கை சிவக்கத் தட்டியவன்தான் இவன்.

அதே கைதான்.

திங்கட்கிழமை. மேலாளர் அவள் பின்னால் நின்றார்.

அவளுடைய சுட்டி திரையின் மேல்விளிம்பில் இடமிருந்து வலம் போயிற்று. திரும்பி வந்தது. மீண்டும் போயிற்று.

அவன் தன் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

மாலையில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அழுக்குப் படாதிருக்கப் பழுப்பு அட்டை போட்டிருந்தாள்.

"நல்ல புஸ்தகந்தானுங்ண்ணா. எம்பட மண்டையிலதான் ஏறல."

படியிறங்கிப் போனாள்.

கீழே அட்டைப்பெட்டிகளுக்கு நாடா ஒட்டும் ஒலி. சர்ரென்று இழுபட்டது, அறுபட்டது. அதில் எது அவள் கை என்று அவனுக்குத் தெரியவில்லை.

கைப்பேசியில் பழைய பாடமொன்றைத் திறந்தான். முதன்முறையாக ஆசிரியையின் அந்தக் கடைசி வாக்கியம் வரை நிறுத்தாமல் ஓடவிட்டான்.

"புரிஞ்சுதுங்களா? இன்னொருத்தருக்கும் அனுப்பி வைங்க."

தமயந்தியின் பெயரைத் தேடி எடுத்தான். பாடத்தின் இணைப்பை ஒட்டினான். அதை அனுப்பினால், அவன் செய்ததையும் அவள் அறிவாள்.

விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நிற்கிறது.

நின்றுகொண்டே இருக்கிறது.

சாட்சிகளே, அந்த விரலைப் பார்த்தது போதும். நீங்கள் கற்ற இடத்தை யாரோ ஒருவர் உங்களிடமும் கேட்டிருக்கிறார்.

அவருக்கு அனுப்புங்கள். இப்போதே.